கண்டி நூதனசாலைகளில் உழைப்பாளியின் பேர்

கல்விச் சுற்றுலாவென்று கண்டிமாநகருக்கு வரும் மாணவர் குழுக்கள் பெரும்பாலும் ஒரே வழியிலேயே அழைத்துச் செல்லப்படுகின்றன. தலதா மாளிகை, அதனருகே அரசியின் பழைய அரண்மனையில் அமைந்த தேசிய நூதனசாலை, ராஜா என்னும் யானையின் கூடம், வாவிக்கரை, பின்னர் பேராதனைப் பூந்தோட்டம். நேரம் மிஞ்சினால் ஹந்தானை மலைமேல் உள்ள தேயிலை நூதனசாலை. மாலையில் பேருந்தில் ஏறும்பொழுது மாணவரின் குறிப்பேடுகளில் ஆண்டுகளும் அரசர் பெயர்களும் நிறைந்திருக்கும். ஆசிரியர்க்கும் கடமை முடிந்ததென்ற நிறைவு. நாமும் இவ்வழியே மாணவரை அழைத்துச் சென்றவர்கள்தாம். ஆகலின் பிறரைக் குறைகூறும் உரிமை எமக்கில்லை. ஆயினும் அண்மையில் அவ்வாறு சென்ற ஒரு நாளில், யானைத்தந்தத்திற் கடைந்த சீப்பொன்றின் முன் நின்ற மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. “இதைச் செய்தவருக்குப் பேர் இல்லையா, சேர்?”

நூல்களை விமர்சிக்கும் நாம் நூதனசாலைகளை விமர்சிப்பதில்லை. அங்குள்ளவை வெறும் பொருள்கள், பொருள்கள் பொய்யுரையா என்று கருதிவிடுகிறோம். ஆனால் பொருள்களைத் தேர்ந்தெடுப்பவர் மனிதர். எதனை முன்னே வைப்பது, எதனைப் பின்னே வைப்பது, எதற்கு எத்தனை வரி எழுதுவது என்று முடிவு செய்பவரும் மனிதரே. அம்முடிவுகளின் தொகுதிக்கும் ஒரு வரலாற்று நூலுக்கும் உள்ள வேறுபாடு சிறிது. நூலில் எழுவாய் யார், செயப்படுபொருள் யார் என்று இலக்கண ஆசிரியர் கேட்பதுபோல இங்கும் கேட்கலாம். கண்டியிலும் அதன் சூழலிலும் உள்ள நூதனசாலைகளுள் மூன்றினை இக்கேள்வியோடு நோக்குவது எம் கருத்து.

முதலாவது தேசிய நூதனசாலை. பல்லே வாஹல எனப்படும் அக்கட்டடம் கண்டி அரசின் இறுதிக் காலத்தில் அரசியர் உறைந்த இல்லம். 1882ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற கண்டிக் கலைச் சங்கம் சேர்த்துவைத்த கைவினைப் பொருள்களே இதன் தொகுதிக்கு அடிப்படை; 1942இல் இது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. தந்தம், பித்தளை, வெள்ளி, அரக்குவேலை, ஏட்டுச்சுவடி, படைக்கலம், அணிகலன் என்று அங்குள்ளவற்றின் அழகை மறுப்பவர் கண்ணற்றவர். உண்மையில், இலங்கையின் எப்பகுதியினின்றும் வரும் மாணவர் இவ்வேலைப்பாடுகளின் முன் ஒரு நாள் முழுதும் நிற்கலாம். ஒரு வெற்றிலைப் பாக்குவெட்டியின் கைப்பிடியில் அன்னமும் கொடியும் ஒன்றாகிப் பிரிகின்ற நுட்பத்தைக் கண்டபின் கைத்தொழிலாளரை இழிவாக எண்ணும் எண்ணம் எவர்க்கும் தோன்றாது.

ஆனால் அப்பாக்குவெட்டியைச் செய்தவன் எந்நிலையில் இருந்து அதனைச் செய்தான்? கண்டி அரசில் நிலம் உடையவன் அந்நிலத்துக்கு ஈடாக அரசனுக்கோ கோயிலுக்கோ பிரபுவுக்கோ ஊழியம் செய்யக் கடமைப்பட்டவன். இராஜகாரியம் என்பது அதன் பெயர். பட்டல் ஹத்தர எனப்பட்ட நான்கு அரச பட்டறைகளில் வேலைசெய்தோரும் இக்கடமையால் கட்டுண்டவரே. அவர்தம் தொழில் சாதியால் வரையறுக்கப்பட்டது. மகனின் தொழில் தந்தை பிறக்குமுன்னரே முடிவானது. இன்று நாம் உலாவி மகிழும் கண்டி வாவியும் இத்தகைய கட்டாய உழைப்பாலேயே, நெல்வயல்களை நீரில் ஆழ்த்தி, சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்டது. அரசனின் பேர் வாவிக்கு நிலைத்தது. மண் சுமந்தவனின் பேர் அம்மண்ணோடு போயிற்று.

இவ்விடத்தில் ஆனந்த குமாரசுவாமியை நினையாதிருக்க இயலாது. தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த அப்பெரியார், கனிப்பொருள் ஆய்வாளராக 1903 முதல் மலைநாட்டுக் கிராமங்களில் நடந்து திரிந்தபொழுது, கல்லைத் தேடிச் சென்ற இடத்திற் கலையைக் கண்டார். கைவினைஞரின் முற்றங்களிலேயே அமர்ந்து அவர்தம் கருவிகளையும் முறைகளையும் கேட்டறிந்து எழுதிய ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ 1908இல் வெளிவந்தது. ஆங்கிலச் சோசலிசக் கவிஞர் வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அது அச்சாயிற்று என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. பொருளைச் செய்தவனையே முதற்கண் நாடிய அந்த நோக்கு போற்றத்தக்கது. ஆயினும் குமாரசுவாமி பழைய நிலமானிய ஒழுங்கின்மீது கொண்ட காதல் அளவு கடந்தது என்பதே எம் கருத்து. சாதிக்கட்டு கைவினைக்குக் காவல் அரணாக இருந்ததை அவர் கண்டார். அது கைவினைஞனுக்குச் சிறையாகவும் இருந்ததை அவர் போதிய அளவு காணவில்லை. இராஜகாரியம் 1832–33 காலத்தில் ஒழிக்கப்பட்டபோது கைவினை நலிந்தது உண்மை. ஆனால் பிரித்தானியர் அதனை ஒழித்தது தொழிலாளர்மீது கொண்ட இரக்கத்தாலன்று. நிலத்தையும் உழைப்பையும் விலைக்கு வாங்கக்கூடிய சந்தை அவர்க்கு வேண்டியிருந்தது. அச்சந்தையே பின்னர் மலைநாடு முழுவதையும் விழுங்கிற்று.

அதே அரண்மனை வளாகத்தில் மகுல் மடுவ என்னும் மரத்தூண் மண்டபம் உளது. 1815 மார்ச் 2இல் கண்டிப் பிரதானிகளும் ஆளுநர் பிரவுன்றிக்கும் உடன்படிக்கை செய்த இடம் அது. கையொப்பங்களுட் சில தமிழெழுத்தில் அமைந்தவை என்பதை ஆய்வாளர் பலர் சுட்டியுள்ளனர். அதனை வைத்து இனப்பெருமை பேசுவோர்க்கு நாம் சொல்லக்கூடியது, நாட்டை அந்நியனுக்கு எழுதிக்கொடுத்த கை எந்த மொழியில் எழுதினால் என்ன என்பதே. எமக்கு முக்கியமாய்த் தோன்றுவது அவ்வுடன்படிக்கையின் மூன்றாம் பிரிவு. அரசனின் ஆண் உறவினர் அனைவரும் பகைவரென அறிவிக்கப்பட்டனர். மலபாரியர், அதாவது தென்னிந்தியர் எனக் குறிக்கப்பட்டு ஏற்கெனவே வெளியேற்றப்பட்ட ஆடவர் கண்டி மாகாணங்களுக்குத் திரும்புதல் தடுக்கப்பட்டது. கண்ணுச்சாமி என்ற இயற்பேருடைய ஸ்ரீவிக்கிரமராஜசிங்கன் வேலூர்க் கோட்டையிற் சிறைவைக்கப்பட்டு, 1832 ஜனவரி 30இல் அங்கேயே இறந்தான். இவ்வாறு தென்னிந்தியரை மலைநாட்டினின்றும் எழுத்தாலே விலக்கிய அதே ஆட்சி, பத்தாண்டும் நிறைவதற்குள் தென்னிந்திய ஏழைகளைக் கோப்பித் தோட்டங்களுக்காக அதே மலைநாட்டுக்கு அழைத்துவரத் தொடங்கிற்று. ஆளும் வர்க்கம் தனது தேவைக்கேற்ப மனிதரை விலக்கவும் அழைக்கவும் செய்யும் என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டுமா? உடன்படிக்கையை மனனம் செய்யும் எம் மாணவர்க்கு இதனை நாம் சேர்த்துச் சொல்வதில்லை.

நாயக்க மன்னனுக்குத் தமிழ்நாட்டு அரசு வேலூரிலே பாலாற்றங்கரையில் முத்துமண்டபம் எழுப்பி 1990இல் திறந்தது. நன்று. ஆனால் அரசனுக்குப் பின் எதிர்த்திசையிற் கடல்கடந்து வந்த இலட்சக்கணக்கானோர்க்கு அக்கரையிலும் மண்டபம் இல்லை.

இன்னொரு செய்தி. 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் தலைவர்களுள் ஒருவனான கெப்பெட்டிப்பொல திசாவை அவ்வாண்டு நவம்பர் 26இல் கண்டியிலே தலை துணிக்கப்பட்டான். அவனது மண்டையோட்டை ஹென்றி மார்ஷல் என்னும் மருத்துவர் ஸ்கொத்லாந்துக்கு எடுத்துச்சென்று எடின்பரோவில் மண்டையோட்டு ஆராய்ச்சிச் சங்கத்திடம் கொடுத்தார். நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேலாக அது அங்கு காட்சிப்பொருளாகக் கிடந்து, 1954இல் மீண்டு, மாளிகை எதிரேயுள்ள திடலில் நினைவுத்தூணின்கீழ் அடக்கம் பெற்றது. ஏகாதிபத்திய நாடுகளின் நூதனசாலைகளைப் பற்றி வியந்து பேசுவோர் இத்தூணின் அருகே சிறிது நின்று போகலாம்.

ராஜா என்னும் கொம்பன் யானையின் கூடத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஏறாவூர்க் காட்டிலே பிடிபட்டு, 1937இல் மாளிகைக்கு அளிக்கப்பெற்று, நெடுங்காலம் பெரஹராவில் தந்தப் பேழையைச் சுமந்த யானை அது. 1986இல் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டது; 1988 ஜூலை 16இல் இறந்தது; பாடம் செய்யப்பட்டு இன்றும் நிற்கிறது. குழந்தைகள் அதனிடம் செலுத்தும் அன்பிலே எமக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஆண்டுகளைப் பாருங்கள். யானை நாட்டின் பொக்கிஷமான 1986இல், அந்நகரைச் சூழ்ந்த மலைகளிலே தேயிலை பறித்தோருட் பல்லாயிரவர் எந்நாட்டுக்கும் உரியரல்லாத நாடற்றவராயிருந்தனர். அவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் விசேட சட்டமொன்று யானை இறந்த அதே 1988இலேதான் வந்தது. மீதமிருந்தோர்க்கு 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. யானைக்குப் பிறந்த காடும் பேரும் உண்டு. இதற்கு யானை பொறுப்பன்று.

இனி ஹந்தானை. நகரினின்றும் வளைந்து ஏறும் பாதையில் சில கல் சென்றால் 1925இல் எழுந்த நான்கு மாடித் தேயிலை ஆலை தோன்றும். நெடுநாள் கைவிடப்பட்டுக் கிடந்த அதனைத் தேயிலைச் சபையும் தோட்டத்துரைமார் சங்கமும் புதுப்பித்து 2001இல் நூதனசாலையாக்கின. கீழே பாரிய இயந்திரங்கள். அதன்மேல் ஜேம்ஸ் டெய்லர், தோமஸ் லிப்டன் ஆகியோரைப் பற்றிய பொருள்களும் நூல்களும். அதற்கும் மேலே தேயிலை விற்பனை. உச்சியில் தொலைநோக்கியொன்றும் தேநீர் அருந்தும் கூடமும்.

இதன் சிறப்பை முதலிற் கூறுவோம். இயந்திரத் தொழில் எவ்வாறு வளர்ந்ததென்று மாணவர்க்குக் காட்ட இந்நாட்டில் இதைப்போன்ற இடம் வேறெதுவும் எமக்கு நினைவுக்கு வரவில்லை. கொழுந்தை வாட்டுதல், உருட்டுதல், புளிக்கவிடுதல், உலர்த்துதல், சலித்துத் தரம்பிரித்தல் என்ற ஒவ்வொரு படிக்கும் மனிதன் கையாற் செய்ததை இரும்பு எவ்வாறு ஏற்றுக்கொண்டது என்பதை அங்குக் கண்ணாற் காணலாம். தேயிலை ஆலைகள் ஏன் மாடிமேல் மாடியாக உயர்ந்துள்ளன என்று கேட்டால் மாணவர் திகைப்பர். பறித்த கொழுந்தை மெல்லப் பரப்பிக் காற்றாட வாட்டுவதற்கே மேல்மாடிகள். வாடிய கொழுந்து தன் பாரத்தாலே கீழிறங்கி உருட்டும் பொறிக்கு வந்துசேரும். கட்டடமே ஒரு கருவி. கொழுந்து வாடிய மாடியில் இன்று நாம் நாற்காலியில் அமர்ந்து மலைக்காட்சி பார்த்துத் தேநீர் பருகுகிறோம்.

ஆனால் அம்மாடிகளின் வரிசையை ஒரு வாக்கியமாகப் படியுங்கள். இயந்திரம், துரை, வணிகன், நுகர்வோன். தேயிலை ஆலைக்குள்ளே பிறக்கிறது, கடையிலே விற்கப்படுகிறது, கோப்பையிலே முடிகிறது. ஆலையின் சாளரத்துக்கு வெளியே, மழையிலும் அட்டைக்கடியிலும் கூடை சுமந்து நிற்பவளுக்கென்று ஒரு மாடி ஒதுக்கப்படவில்லை. அவள் தேயிலைப் பொட்டலங்களின் மேலே எப்போதும் புன்னகை செய்கிறாள். அப்புன்னகைக்குப் பேர் கிடையாது. பொறியை இறந்த உழைப்பு என்று மார்க்ஸ் விளக்கினார். உயிருள்ள உழைப்பை உறிஞ்சியே அது இயங்குமென்றும் காட்டினார். இறந்த உழைப்பைத் துடைத்து எண்ணெய் பூசி வைத்திருக்கும் கூடத்தில் உயிருள்ள உழைப்பு எங்கேயென்று கேட்பது அநீதியாகாது. ஒருகால், நிறுவியோர் யாவர் என்று நோக்கின் இதிலே வியப்பில்லை என்பர் சிலர். எமக்கும் வியப்பில்லை. வியப்பின்மை விமர்சனமின்மைக்குக் காரணமாகக் கூடாது.

ஜேம்ஸ் டெய்லர்மீது எமக்குக் காழ்ப்பு எதுவுமில்லை. 1852இல், பதின்மூன்றோ பதினான்கோ பிராயத்தை அண்மையிற் கடந்துவிட்ட எம் மாணவரைவிடச் சில ஆண்டே மூத்தவராய், ஸ்கொத்லாந்தின் எளிய குடும்பத்தினின்றும் சம்பளத்துக்கு வந்தவர் அவர். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்திலே 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பி இலையிலே நோய் கண்டு, சில ஆண்டுகளில் அப்பயிர் அழிந்தபொழுது அவரது சோதனையே முதலாளிமாரைக் காத்தது. அவர்கள் அதற்குச் செய்த கைம்மாறு, 1892இல் அவரைப் பதவியினின்றும் விலகச் சொன்னதே. அவ்வாண்டிலேயே அவர் வயிற்றுளைவால் இறந்தார். மூலதனம் தன் துரையையும் கூலியாகவே நடத்தும் என்பதற்கு டெய்லரே சாட்சி. அவரது உடலைத் தோட்டத் தொழிலாளர் முறைவைத்துத் தோளிற் சுமந்து மலைப்பாதை வழியே கண்டிக்குக் கொணர்ந்தனர் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். மகியாவை மயானத்தில் அவர் கல்லறை இருக்கிறது. சுமந்தவர் எவர்? அவர்கள் எண்ணிக்கைதான் எழுதப்பட்டது. அம்மகியாவையிலேயே நகரின் குப்பையை அள்ளும் நகரசுத்தித் தொழிலாளர், அவர்களும் தென்னிந்தியாவினின்றும் கொணரப்பட்டோரின் வழியினர், நெருக்கமான குடியிருப்புக்களில் வாழ்கின்றனர். கல்லறையைக் காணவரும் உல்லாசப் பயணிகட்கு இதனைச் சொல்லும் வழிகாட்டியை நாம் இன்னும் சந்திக்கவில்லை.

லூல்கந்துர அமைந்த ஹேவாஹெட்டப் பகுதி தேயிலை வரலாற்றுக்கு இரு பேர்களைத் தந்தது. ஒன்று டெய்லர். மற்றது முல்லோயாத் தோட்டத்துக் கோவிந்தன். சம்பள உயர்வுக்காக எழுந்த வேலைநிறுத்தத்திலே 1940 ஜனவரி 10ஆம் நாள் பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையான தொழிலாளி அவன். அவன் சாவு குறித்து நடந்த விசாரணையில் அவன் மனைவிக்காகச் சமசமாஜத் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். சிங்கள இடதுசாரியும் தமிழ்த் தோட்டத் தொழிலாளியும் ஒரே மேடையில் நின்ற அந்நாட்களின் ஆவணங்கள் எத்துணை அரியவை! முதற்பேருக்கு ஹந்தானையில் ஒரு மாடி. இரண்டாம் பேருக்குத் தொழிற்சங்கக் கூட்டங்களில் ஆண்டுக்கொருமுறை ஓர் அஞ்சலி.

மூன்றாவது நூதனசாலை இவ்விரண்டின் பாதையில் இல்லை. கண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் கம்பளைக்கு அண்மையிலுள்ள ஓல்ட் பீகொக் தோட்டத்திலே பழைய லயமொன்றைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையாக்கியது. பளிங்குத் தரையும் கண்ணாடிப் பேழையும் தேடிச்செல்வோர்க்கு அது ஏமாற்றமே. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிற் காம்பராக்கள் முதுகோடு முதுகாய் ஒட்டி நிற்பதே லயத்தின் அமைப்பு; ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. கூரைத் தகரத்தின்கீழ் நின்று, இதனுள்ளே எத்தனைபேர் படுத்திருப்பர் என்று மாணவரை அளக்கச் செய்தால், அவர்கள் நூறு பக்க நூலிற் படிப்பதைக் காற்பாதங்களால் அறிந்துகொள்வர். வீட்டுப் பாவனைப் பொருள்கள், பழைய கருவிகள், அணிகலன்கள், படங்கள், ஆவணங்கள் என அங்குச் சேர்க்கப்பட்டவை எளியவை. ஆனால் இங்குதான் முதன்முறையாகப் பொருளுக்கும் அதனைக் கையாண்டவனுக்கும் இடையேயிருந்த திரை விலகுகிறது.

மாணவியின் கேள்விக்கு விடைதேட வேண்டிய இடமும் இதுவே. தோட்டத்துப் பேச்சுவழக்கிலே பேர் என்ற சொல்லுக்கு நகரத்தார் அறியாத ஒரு பொருள் உண்டு. ஒரு நாள் வேலைக்குரிய முழுச் சம்பளமே பேர். துரையோ கணக்கப்பிள்ளையோ குறித்த நிறைக்குக் கொழுந்து எடுத்தால் பேர் விழும், குறைந்தால் அரைப்பேர். காலையிற் பிரட்டுக்களத்துக்குப் பிந்தி வந்தால் பேரே இல்லை. “இன்று எனக்கு அரைப்பேர் போட்டுவிட்டார்கள்” என்று ஒரு தாய் மாலையில் மகளிடம் கூறுவதன் பொருளை எண்ணிப்பாருங்கள். உலகத்து மொழிகளிலே மனிதனின் பேரே கூலியின் அளவையாகித் தேய்ந்த வழக்கு வேறெங்கேனும் உண்டா என்பதை மொழியியலாளர் ஆராயட்டும். எம்மைப் பொறுத்தவரை தோட்ட வாழ்வு பற்றிய விமர்சனம் முழுவதும் அவ்வொரு சொல்லுள் அடங்கிக்கிடக்கிறது.

பேர் பறிபோகத் தொடங்கியது தோட்டத்திலன்று, கடற்கரையிலேயே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த டின் டிக்கட் முறையில், தமிழ்நாட்டிலே சேர்க்கப்பட்ட ஒவ்வொருவரும் தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் இலக்கமும் பொறித்த தகரவில்லையை உடன்கொண்டு பயணம் செய்தனர். சரக்குமூட்டைக்கு இடும் அடையாளம்போல அது அவர்களைச் சேரவேண்டிய தோட்டத்திற் சேர்த்தது. அவ்வில்லைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் அதுவும் இல்லை. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தவர்களுள் வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலே வீழ்ந்தோர் கணக்கிலும் வாராதோர். மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்த இருநூறாம் ஆண்டை நினைந்து, 2023 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரினின்றும் மாத்தளைக்கு மக்கள் அவ்வழியே நடந்தனர். அந்த நடைபயணமே ஒரு நூதனசாலை என்று சொல்லலாம். சுவரில்லாத, நுழைவுச்சீட்டில்லாத நூதனசாலை.

வந்தபின் நடந்ததோ, காகிதத்தின் கதை. கங்காணி எழுதிய கடன் துண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். 1949இல் வாக்குரிமை இழப்பு. 1964 அக்டோபர் 30இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். அவ்வொப்பந்தத்தின்படி 9,75,000 மனிதர் இரு நாடுகளாற் பங்கிடப்பட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பின்னர் தீர்மானிப்பதற்கு. எண்களின் உருட்சியைக் கவனியுங்கள். பெருந்தொகைகளை மூட்டைகளாகப் பிரிக்கும் வணிகரின் கணக்கு இவ்வாறே உருண்டையாக அமையும். எந்தத் தாய் எந்த மூட்டையிற் சேர்ந்தாள், அவள் மகன் எதிலே விழுந்தான் என்பதை அறியக் கடவுச்சீட்டுக்களையும் விண்ணப்பங்களையும் ஒவ்வொன்றாகப் படித்தல் வேண்டும்.

புகழ்ந்துரைப்பதோடு நின்றால் நாம் விமர்சகர் அல்லேம். இந்நூதனசாலையிலும் ஓர் இடர் உறைகிறது. அது நிறுவியோரின் குறையன்று, நூதனசாலை என்னும் வடிவத்தின் குறை. ஒரு பொருளை நூதனசாலையில் வைத்தல், அப்பொருளின் காலம் முடிந்தது என்று அறிவித்தலாகும். அரசனின் வாள் பேழைக்குள் இருக்கிறது. ஏனெனில் அரசன் இல்லை. ஆனால் லயம்? மலைநாட்டுத் தோட்டங்களிலே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இன்றும் அதே லயங்களில் வாழ்கின்றன. காட்சிக்காகப் பழுதுபார்க்கப்பட்ட லயத்தைக் கண்டு நெஞ்சுருகி வெளியே வருபவர், அடுத்த சரிவில் அடுப்புப் புகை எழும் லயத்தைப் பார்த்தும் அதனைப் பழங்காலத்தின் எச்சமென்றே எண்ணிவிடலாம். இரக்கம் கடந்தகாலத்தின்மேற் பாயும்பொழுது நிகழ்காலத்துக்குக் கடன் தீர்ந்துவிட்டதாக ஒரு மயக்கம் உண்டாகிறது. ஆசிரியர் மாணவரை உள்ளே அழைத்துச் செல்வதோடு நில்லாது வெளியேயும் அழைத்துச் செல்லவேண்டும். காணி யாருடையது, வீட்டுக்கு உறுதி உண்டா, கடிதம் எம்முகவரிக்கு வருகிறது என்ற கேள்விகளைக் கேட்கச் செய்யவேண்டும். அவமானம் தரும் கேள்விகளாக அன்று. அயலவர் அயலவரிடம் கேட்கும் கேள்விகளாக.

துன்பத்தை மட்டும் காட்சிப்படுத்துவதிலும் எமக்கு உடன்பாடில்லை. காமன் கூத்தும் அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் லயத்து முற்றங்களில் இரவிரவாக ஆடப்பட்டவை. தப்பின் ஒலியைப் பேழையில் வைக்க இயலாது. மடகொம்பரையிற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்திராவிடின் அம்மக்களின் நகைப்பும் ஏளனமும் காதலும் நமக்கு எட்டியிரா. துரையைப் பாட்டிலே பரிகசித்த பெண் வெறும் பரிதாபத்துக்குரியவள் அல்லள். போராடியவன் கோவிந்தன் ஒருவனுமல்லன்.

எம்மை மிகவும் உறுத்துவது வேறொன்று. மூன்று நூதனசாலைகளும் மூன்று வெவ்வேறு நாடுகளின் வரலாற்றைச் சொல்வனபோல விலகி நிற்கின்றன. வாவிக்கரையிலே கண்டியனின் கதை. ஹந்தானையிலே வெள்ளையனின் கதை. கம்பளையிலே தமிழனின் கதை. உண்மையில் அது ஒரே கதை. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், உறுதி காட்ட இயலாத காட்டையும் சேனைநிலத்தையும் அரசின் உடைமையென்று கொண்டது. கண்டிக் கிராமத்தவன் தலைமுறையாய்ப் பயன்கொண்ட மேட்டுநிலம் ஏக்கர் ஏக்கராகத் துரைமாருக்கு விற்கப்பட்டது. நிலமிழந்தவன் அத்தோட்டத்திற் கூலியாக மறுத்தபொழுது, நிலமே இல்லாதவன் கடலுக்கப்பாலிருந்து கொணரப்பட்டான். 1848இல் மாத்தளையில் எழுந்த கிளர்ச்சிக்காகப் புரன் அப்பு கண்டியிற் சுட்டுக்கொல்லப்பட்டதும், 92 ஆண்டுகள் கழித்து முல்லோயாவிற் கோவிந்தன் சுடப்பட்டதும் ஒரே வரலாற்றின் இரு வெடியோசைகள். இதனை அறியாத கிராமத்தவன், தன் நிலத்தைப் பறித்தவன் தமிழ்க் கூலியே என்று நம்பவைக்கப்பட்டான். அந்த நம்பிக்கையின்மேல் நின்று அரசியல் நடத்தியோரை நாம் பெயர் சொல்லவேண்டியதில்லை. தேசிய நூதனசாலையில் 1840இன் சட்டத்துக்கு ஒரு சுவரும், தொழிலாளர் நூதனசாலையிற் கண்டிக் கிராமத்தவனின் மண்வெட்டிக்கு ஒரு மூலையும் கிடைக்குமாயின், இரு இன மாணவரும் ஒரே நாளில் இரண்டையும் காணும் பயணத்துக்குப் பொருள் உண்டாகும். ஹந்தானைக்கோ, செக்ரோல் ஏடு ஒன்றே போதும். அதை விரித்துவைத்து, அதிலுள்ள பேர்களைச் சுவரிலே பெரிதாக எழுதட்டும்.

அதற்கு ஏடுகள் எஞ்சியிருக்க வேண்டுமே! 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளுக்குச் சென்றது. கைமாறும் கந்தோர்களில் முதலில் அழிவது பழைய தாள். தோட்டக் கந்தோர் ஏடுகளையும், வீட்டுப் பெட்டிகளின் அடியிற் கிடக்கும் கடவுச்சீட்டுக்களையும், கோயில் வரவுசெலவுப் புத்தகங்களையும், தொழிற்சங்க அங்கத்துவ அட்டைகளையும் படியெடுத்துச் சேர்க்கும் பணி பல்கலைக்கழகத்தாருக்கு மட்டும் உரியதன்று. அதற்குப் பட்டமும் வேண்டா. பொறுமையும், பாட்டிமாரிடம் பேசும் பணிவும் வேண்டும். ஆவணத்தைப் பறித்துக்கொண்டு போகாமல் உரியவரிடமே விட்டு நகல் எடுக்கும் ஒழுக்கமும் வேண்டும். காகிதத்தை அதிகாரியிடம் கொடுத்து இழந்த அனுபவம் அம்மக்களுக்கு நிறைய உண்டு.

சுற்றுலா முடிந்து இரு வாரங்களின் பின், சீப்பின் முன் நின்று கேள்வி கேட்ட அம்மாணவி ஒரு பிளாஸ்திக் உறையை வகுப்புக்குக் கொணர்ந்தாள். உள்ளே அவள் பூட்டியாரின் தாள்கள் மூன்று: ஒரு பிறப்புப் பதிவு, ஒரு பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் நகல், ஒரு தோட்டத்துச் சம்பள அட்டை. மூன்றிலும் பேர் மூன்று விதமாய் எழுதப்பட்டிருந்தது. ஒன்றில் ராமாயி, மற்றதில் ராமி, மூன்றாவதில் ராமசாமி. பெண்ணை ஆணாக்கிய எழுதுவினைஞன் பேனாவை நிறுத்திக்கூட இரான். அப்பிழையைத் திருத்தக் குடும்பத்தினர் எத்தனை தடவை கச்சேரிக்கு நடந்தனர் என்பதை அவள் பாட்டியிடம் கேட்டு எழுதிவந்திருந்தாள், நான்கு பக்கம். மூன்று பேரையும் கரும்பலகையில் எழுதினோம். வகுப்பில் வேறு ஐவர் தத்தம் வீட்டிலும் தாள்கள் இருப்பதாகக் கூறினர். வரும் வெள்ளிக்கிழமை அவற்றைக் கொணர்வதாகச் சொல்லியிருக்கின்றனர்.